ஒரே கம்பம், ஒரே பிளான், இரண்டு லைன்: ஒன்று மட்டும் ஏன் மெதுவாக ஓடுகிறது?

கேள்வி: சோழவந்தான் பக்கம் எங்கள் வீடு. கீழே வீட்டுக்கு ஒரு லேண்ட்லைன் பிராட்பேண்ட், மாடியில் டி.டி.பி. வேலைக்கு இன்னொன்று. இரண்டும் ஒரே கம்பத்திலிருந்துதான் வருகின்றன. பிளானும் ஒன்றே, மோடம் மாடலும் ஒன்றே. கீழே 7 எம்.பி.பி.எஸ். கிடைக்கிறது, மாடியில் 2-ஐத் தாண்டுவதில்லை. மூன்று முறை புகார் கொடுத்தாயிற்று. "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்:

இரண்டு லைன் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி. ஒரு லைன் வைத்திருப்பவர் தன் லைன் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். உங்கள் வீட்டிலோ கீழ் லைன் ஓர் அளவுகோலாகவே நிற்கிறது. எக்ஸ்சேஞ்சிலிருந்து உள்ள தூரம், ராத்திரி எட்டு மணி நெரிசல் எல்லாம் இரண்டு லைனையும் சேர்த்தே பாதிக்கும். ஒன்றை மட்டும் பாதிப்பது இரண்டுக்கும் பொதுவாக இல்லாத ஏதோ ஒன்று. அதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு பொருளாக இடம் மாற்றிப் போட்டு, கோளாறு எதன் கூடப் போகிறது என்று பார்ப்பது.

"ஒரே கம்பம்" என்பதை வைத்து இரண்டும் ஒரே பாதை என்று நினைக்க வேண்டாம். கம்பத்தில் வீடுகளுக்கு வயர் பிரியும் டி.பி. பெட்டிவரை உங்கள் இரண்டு எண்களும் தனித்தனி ஜோடிக் கம்பிகள். பூமிக்கடியில் போகும் கேபிளில், பில்லர் பெட்டியில், எக்ஸ்சேஞ்சில் எல்லாக் கம்பிகளும் வந்து சேரும் எம்.டி.எஃப். சட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் தனி முனை. அங்கிருந்து பிராட்பேண்ட் கருவியில் தனி போர்ட். வழியில் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் ஒரு ஜோடி நன்றாகவும் பக்கத்து ஜோடி களிம்பேறியும் இருக்க வாய்ப்புண்டு.

முதலில் அளவெடுக்கும் முறையைச் சரிசெய்யுங்கள். வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்து இரண்டு லைனை ஒப்பிட முடியாது. ஒரே லேப்டாப், ஒரே லேன் கேபிள், வைஃபை அணைத்த நிலை, வேறு யாரும் எதுவும் இறக்காத நேரம். இப்படி இரண்டு மோடத்திலும் நேரடியாகச் செருகி அளக்க வேண்டும். கேபிளில் இரண்டும் சமமாக வந்துவிட்டால் உங்கள் பிரச்சினை வைஃபைதான், லைன் இல்லை. ஒரே மாடல் மோடங்கள் இரண்டும் ஒரே சேனலில் உட்கார்ந்து ஒன்றையொன்று இடித்துக்கொண்டிருக்கும். கீழே உள்ளதை 1-ஆம் சேனலிலும் மாடியில் உள்ளதை 11-ஆம் சேனலிலும் வைத்துவிடுங்கள்.

இரண்டு மோடம் உள்ள வீடுகளில் பலர் விழும் குழி ஒன்று உண்டு. இரண்டு மோடத்தையும் ஒரே ஸ்விட்சில் செருகி வைத்திருந்தால், இரண்டின் முகவரியும் 192.168.1.1 ஆகவே இருக்கும். இரண்டும் போட்டி போட்டுக்கொண்டு கணினிக்கு ஐ.பி. கொடுக்கும். மாடி லைனை அளப்பதாக நினைத்துக் கீழ் லைனை அளந்துகொண்டிருப்பீர்கள். அளக்கும்போது ஸ்விட்சைக் கழற்றிவிடுங்கள். பிறகு மாடி மோடத்தை 192.168.2.1 என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அடுத்து, லைனைத் தொடும் முன் இரண்டு கணக்கிலும் இந்த மாத டேட்டா எவ்வளவு தீர்ந்திருக்கிறது என்று பாருங்கள். டி.டி.பி. வேலையில் பெரிய பெரிய ஃபைல்கள் ஏறி இறங்கும். வரம்பு முடிந்ததும் வேகம் குறைக்கப்படும் பிளானாக இருந்தால், மாடியில் 2 எம்.பி.பி.எஸ். என்பது பிளான் விதித்த வேகமாகவே இருக்கலாம். மாதத்தின் முதல் நாளில் வேகம் கூடி, பதினைந்து இருபது நாளில் சட்டென்று விழுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். ஒரே பிளான் என்றாலும் தீர்ந்த அளவு ஒன்றாக இருக்காது அல்லவா.

இதெல்லாம் இல்லை என்றால், இனிமேல் ஸ்பீடு டெஸ்டை மறந்துவிட்டு மோடம் சொல்வதைக் கேளுங்கள். பிரவுசரில் 192.168.1.1 (மாடி மோடத்தில் மாற்றியிருந்தால் 192.168.2.1) திறந்து ஸ்டேட்டஸ் அல்லது ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பகுதியில் டி.எஸ்.எல். பக்கத்துக்குப் போங்கள். சிங்க் ரேட், அட்டெய்னபிள் ரேட் (லைனால் அதிகபட்சம் முடிந்த வேகம்), எஸ்.என்.ஆர். மார்ஜின், அட்டெனுவேஷன், சி.ஆர்.சி. பிழை (கெட்டுப்போய் வந்த டேட்டா) எண்ணிக்கை, லைன் எத்தனை மணி நேரமாக நிற்கிறது என்ற ஆறையும் இரண்டு மோடத்திலிருந்தும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதுங்கள். டவுன்ஸ்ட்ரீம் (இறக்கம்), அப்ஸ்ட்ரீம் (ஏற்றம்) இரண்டுக்கும் தனித்தனியாக.

சிங்க் ரேட் என்பது மோடமும் எக்ஸ்சேஞ்ச் கருவியும் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொண்ட வேகம். அதில் சுமார் எட்டில் ஒரு பங்கு, டேட்டாவைக் கட்டு கட்டாகக் கட்டி அனுப்பும் செலவிலேயே போய்விடும். சிங்க் 8 எம்.பி.பி.எஸ். என்றால் ஸ்பீடு டெஸ்டில் 7 காட்டுவது முறையானதுதான்.

அட்டெனுவேஷன் என்பது வழியில் எவ்வளவு சிக்னல் கரைந்தது என்பதன் கணக்கு. 0.4 மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் கிலோமீட்டருக்குச் சுமார் 14 டெசிபல் கரையும். 0.5 மில்லிமீட்டர் கம்பியில் இன்னும் குறைவு. ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் (செம்புப் போன் கம்பியில் ஓடும் பிராட்பேண்ட் வகை) லைனில் 30 டெசிபல் வரை என்றால் பத்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் தாராளமாக எதிர்பார்க்கலாம். 45 என்றால் ஆறேழு. 60-ஐத் தொட்டால் இரண்டு மூன்றுக்கு மேல் ஆசைப்பட முடியாது. உங்களுக்கு முக்கியம் வித்தியாசம்தான். ஒரே எக்ஸ்சேஞ்ச், ஒரே டி.பி. என்றால் இரண்டு லைனின் அட்டெனுவேஷனும் 2, 3 டெசிபலுக்குள் ஒத்துப்போக வேண்டும். கீழே 40, மேலே 52 என்று வந்தால் மாடி லைனின் கம்பிப் பாதையில் எங்கோ பழுது. இதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

எஸ்.என்.ஆர். மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேல் கையில் மிச்சம் உள்ள இடைவெளி. 6-க்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து சேரும். 10-க்கு மேல் நிம்மதி.

இந்த எண்களைச் சேர்த்துப் படிக்கும்போது ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு கைரேகை தெரியும். மாடி மோடத்தில் சிங்க் சரியாக 2048 (மோடம் கே.பி.பி.எஸ்.ஸில் காட்டும், அதாவது 2 எம்.பி.பி.எஸ்.) அல்லது அதை ஒட்டிய முழு எண், மார்ஜின் 20, 25 என்று அள்ளிக் கொட்டுகிறது, அட்டெய்னபிள் 9000-க்கு மேல் காட்டுகிறது என்றால், லைன் அருமையாக இருக்கிறது. எக்ஸ்சேஞ்சில் அந்த போர்ட்டுக்கு ஏற்றிய புரொஃபைல் (வேக வரம்பு)தான் பழையது. பிளான் மாறியும் போர்ட் மாறாமல் கிடக்கிறது. "லைன் நல்லாத்தான் இருக்கு" என்று அவர்கள் சொன்னது இந்த நிலையில் முழு உண்மை. லைன்மேனால் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது. "போர்ட் புரொஃபைலை என் பிளானுக்கு மாற்றுங்கள்" என்று பிராட்பேண்ட் பிரிவில் கேட்க வேண்டும். புகாரில் "ஸ்பீடு இல்லை" என்று மட்டும் எழுதினால் இந்த வேலை நடக்காது.

சிங்க் 2300 போல ஒழுங்கில்லாத எண், மார்ஜின் 6 அல்லது 7, அட்டெனுவேஷன் மட்டும் கீழ் லைனைப் போலவே என்றால் இரைச்சல் உள்ளே புகுகிறது. ஸ்ப்ளிட்டர் (போன் பேச்சையும் நெட்டையும் பிரிக்கும் பெட்டி), வயரிங், பக்கத்து மின்கருவி என்று தேடுங்கள்.

அட்டெனுவேஷனே ஏறியிருந்தால், அதிலும் டவுன்ஸ்ட்ரீமைவிட அப்ஸ்ட்ரீம் மோசமாக இருந்தால், ஜோடியில் ஒரு கம்பி எங்கோ அறுந்தோ அறுந்தும் அறாமலோ கிடக்கிறது. ஒரு கால் இல்லாமலே ஏ.டி.எஸ்.எல். நொண்டிக்கொண்டு ஓடும். அறுந்த இடத்தின் இரு முனைகளும் ஒரு கண்டென்சர் போல நடந்து உயர் அலைவரிசையைத் தாண்டவிடும், தாழ்ந்ததைத் தடுக்கும். அப்ஸ்ட்ரீம் 138 கிலோஹெர்ட்சுக்குக் கீழே இருப்பதால் அடி அதற்கே அதிகம். டயல் டோன் செத்திருக்கும், நெட் மட்டும் மெதுவாக ஓடும். மாடியில் போனையே எடுப்பதில்லை என்றால் இதை மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டிருப்பீர்கள்.

இனி இடம் மாற்றும் வேலை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மோடம் சிங்க் ஆகி ஐந்து நிமிடம் கழித்து எண்களை எழுதுங்கள். முதலில் மோடத்தை அதன் அடாப்டரோடு சேர்த்து மாற்றுங்கள். யூசர் நேம் அந்தந்த லைனோடு கட்டப்பட்டிருந்தால் இன்டர்நெட் வராது. கவலை வேண்டாம், சிங்க் விவரம் லாகின் இல்லாமலேயே தெரியும். மெதுவான வேகம் மோடத்தோடு கீழே இறங்கி வந்துவிட்டால் அடாப்டரை மட்டும் மாற்றிப் பாருங்கள். நாலைந்து வருடம் இன்வெர்ட்டரில் ஓடிய அடாப்டர் 12 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் உள்ளே கண்டென்சர் உப்பி, சுமை ஏறும்போது தளர்ந்துவிடும். வேறு அடாப்டர் போடும்போது வோல்ட் ஒத்திருக்க வேண்டும். 9 வோல்ட் மோடத்தில் 12 வோல்ட் செருகி எரித்துவிடாதீர்கள்.

அடுத்து ஸ்ப்ளிட்டர். சின்ன வெள்ளைப் பெட்டி, விலை குறைவு, கெட்டுப்போவது அதிகம். முதல் சோதனையாக ஸ்ப்ளிட்டரையே எடுத்துவிட்டு, போன் எதுவும் இல்லாமல், லைனை நேரே மோடத்தில் கொடுங்கள். வேகம் எகிறினால் குற்றவாளி ஸ்ப்ளிட்டர், அல்லது அதற்குப் பின்னால் உள்ள போன். லைன் என்று எழுதிய துளையில் உள்ளே வரும் வயர், மோடம் துளையில் மோடம், போன் துளையில் போன். இதை மாற்றிச் செருகிய வீடுகள் நிறைய.

இதிலும் சரியாகவில்லை என்றால் இரண்டு மோடத்தையும் தூக்கிக்கொண்டு வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்குப் போங்கள். கீழே சுவரில் இருக்கும் ரோசட் பெட்டியில் மாடிக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டு, அங்கேயே மாடி லைனை மோடத்தில் கொடுத்துப் பாருங்கள். எல்லாச் சோதனையிலும் அதிகம் சொல்வது இதுதான். அங்கே வேகம் வந்துவிட்டால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில். வரவில்லை என்றால் தெருவில். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரிடம் சண்டை போட்டும் பயனில்லை. கழற்றும்போது ஒரு எச்சரிக்கை: லைனில் சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், ஆனால் மணி அடிக்கும்போது 75 வோல்டுக்கு மேல் ஏ.சி. வரும். ஈரக் கையோடு தொடாதீர்கள்.

உங்கள் நிலையில் முதல் சந்தேகம் அந்த மாடி வயர்மேல்தான். இரண்டு லைனும் நாலு கம்பி உள்ள ஒரே தட்டை வயரில் மாடிக்கும் கீழுக்கும் ஓடினால் அதுவே போதும் காரணம். அதில் கம்பிகள் முறுக்கப்படாமல் இணையாக ஓடும். ஒரு லைனின் சிக்னல் மற்றதில் கசியும். கீழ் மோடத்தை அணைத்துவிட்டு மேல் மோடத்தின் மார்ஜினைப் பாருங்கள். 2, 3 டெசிபல் ஏறினால் கசிவு உறுதி. இதைவிடக் கொடியது ஜோடி பிரிந்து மாறுவது: முதல் லைனின் ஒரு கம்பி ஒரு முறுக்கிலும், இன்னொரு கம்பி அடுத்த முறுக்கிலும் போவது. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும், டயல் டோன் வரும், பேச்சும் கேட்கும். பிராட்பேண்ட் மட்டும் செத்துப்போகும். ஒரு போனில் பேசும்போது மற்றதில் மெல்லிய குரல் கேட்டால் இதுதான். வயரை மாற்றும்போது சாதாரண கேட்-5 கேபிள் வாங்கி, ஒரு லைனுக்கு நீலமும் நீலவெள்ளையும், இன்னொன்றுக்கு ஆரஞ்சும் ஆரஞ்சுவெள்ளையும் கொடுங்கள். நீலத்தையும் ஆரஞ்சையும் ஒரு லைனாகச் சேர்த்தால் செய்த செலவு வீண். கரண்ட் குழாய்க்குள் சேர்த்து இழுக்க வேண்டாம்.

பழைய வீடுகளில் இன்னொரு கோளாறு, தொங்கவிட்ட எக்ஸ்டென்ஷன். முன்பு படுக்கையறைக்கு இழுத்த பேரலல் வயர், போனை எடுத்த பிறகும் ரோசட்டில் மாட்டியபடியே கிடக்கும். முனையில் எதுவும் இல்லாவிட்டாலும் சிக்னல் அதற்குள் போய், முட்டி, திரும்பி வந்து தன்னையே அழிக்கும். சுமார் 50 மீட்டர் வயர் 1 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளத்தை வெட்டும். 25 மீட்டர் 2 மெகாஹெர்ட்ஸில் வெட்டும். ஏ.டி.எஸ்.எல். 2 பிளஸ் 2.2 மெகாஹெர்ட்ஸ் வரைதான் ஓடுகிறது, ஆகவே இரண்டுமே நெஞ்சில் அடிப்பதுதான். பயன்படாத வயர்களை ரோசட்டிலேயே கழற்றி ஒதுக்குங்கள். போன் வேண்டுமானால் ஸ்ப்ளிட்டரின் போன் துளைக்குப் பின்னால் இருந்து இழுங்கள்.

லைனில் கம்பி இணைப்பு எப்படி இருக்கிறது என்று காதாலும் கண்டுபிடிக்கலாம். மோடத்தை அணைத்து, வயர் போன் ஒன்றை நேரே செருகி, ஏதாவது ஓர் எண்ணை ஒரு முறை அழுத்துங்கள். டயல் டோன் நின்று சில நொடி அமைதி வரும். கரகரப்பு கேட்டால் களிம்பேறிய ஜாயின்ட். உர்ரென்ற இரைச்சல் கேட்டால் ஜோடியில் ஒரு கம்பி பூமியைத் தொடுகிறது. போன் அழைப்பு வந்த பிறகு கொஞ்ச நேரம் நெட் நன்றாக ஓடுகிறதா? அதுவும் களிம்பின் அடையாளமே. மணியின் மின்சாரம் அந்தப் படலத்தைத் துளைத்துத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால், ஒரே போனை இரண்டு லைனிலும் மாற்றிப் போட்டு, ரிசீவரைத் தூக்கிய நிலையில் டி.சி. வோல்ட் அளந்து பாருங்கள். வழக்கமாக 6 முதல் 12-க்குள் இருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். மாடி லைனில் தெளிவாகக் குறைந்தால் வழியில் எங்கோ தடை. ஓம் ரேஞ்சை மட்டும் உயிருள்ள லைனில் வைக்காதீர்கள். அளவும் தப்பு, மீட்டரும் போகும்.

மின்கருவி இரைச்சலுக்கு மாடியில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள்: யு.பி.எஸ்., பிரிண்டர், மலிவு எல்.இ.டி. விளக்கின் டிரைவர், மின்விசிறி ரெகுலேட்டர். பழைய மத்திய அலை ரேடியோவை நிலையம் இல்லாத இடத்தில் வைத்து மோடத்தைச் சுற்றி நடந்தால், சத்தம் கூடும் இடத்தில் காரணம் இருக்கும்.

ரோசட்டிலேயே வேகம் வரவில்லை என்றால் வேலை லைன்மேனுடையது. உங்கள் ஊர்ப் பக்கத்தில் அவர் பார்க்க வேண்டியவை மூன்று. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயரில் தென்னை மட்டை உரசும் இடமும், கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டும். டேப் இரண்டு கோடை தாங்காது. ஜெல் அடைத்த யூஒய் கனெக்டர் போடச் சொல்லுங்கள், விலை சொற்பம். இரண்டாவது, டி.பி. பெட்டிக்குள் எறும்பும் பல்லி முட்டையும். மூன்றாவது, வாய்க்காலை ஒட்டிப் போகும் பூமிக் கேபிள். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களிலும் ஐப்பசி மழையிலும் மாடி லைன் மட்டும் விழுந்து, காய்ந்த பிறகு எழுந்தால், அந்த ஜோடியின் ஜாயின்ட்டில் நீர் இறங்குகிறது. அதைச் சரிசெய்ய ரோடு தோண்ட வேண்டாம். கேபிளில் காலியாக உள்ள நல்ல ஜோடிக்கு மாற்றினால் போதும்.

லைன்மேனிடம் இரண்டே வேலை கேளுங்கள். டி.பி.யில் இரண்டு ஜோடியையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எண் இடம் மாறிவிடும், பரவாயில்லை, பத்து நிமிடம்தான். மெதுவான வேகம் இப்போது கீழ் டிராப் வயரில் வந்தால் கோளாறு டி.பி.க்கு அப்பால், மாடி வயரிலேயே நின்றால் டி.பி.க்கும் வீட்டுக்கும் இடையில். அப்பால் என்று தெரிந்தால் எம்.டி.எஃப்.பில் இரண்டு லைனின் போர்ட்டையும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கோளாறு போர்ட்டோடு போனால் எக்ஸ்சேஞ்ச் கருவியின் அட்டை, ஜோடியோடு நின்றால் கேபிள். அவர் வரும் நேரத்தில் நீங்கள் எழுதிய தாளைக் கையில் கொடுங்கள். "ஸ்பீடு வரல" என்று சொன்னால் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்வார். "கீழே அட்டெனுவேஷன் 40, மேலே 52, ரோசட்டிலேயே அப்படித்தான்" என்று சொன்னால் ஏணியை எடுப்பார். மரியாதையாக, ஒரு டீயோடு பேசுங்கள். பெரும்பாலும் வேலை தெரிந்தவர்கள்தான். அவர்கள் கையில் கிடைக்கும் தகவல்தான் குறைவு.

இரண்டு லைனையும் டூயல் வேன் ரூட்டரில் (இரண்டு இணைப்பை ஒன்றாக ஏற்கும் ரூட்டர்) சேர்த்துவிடலாமே என்று யாராவது யோசனை சொல்லக்கூடும். பழுதுள்ள லைனைச் சேர்த்தால் பழுது மறையும், போகாது. அது வேலையைப் பங்கு போடுமே தவிர, ஒற்றை ஃபைலை இறக்கும்போது 7-ம் 2-ம் கூடி 9 ஆகாது.

உங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்திருந்தால் மாடி லைனை மட்டுமாவது அதற்கு மாற்றுங்கள். டி.டி.பி. வேலைக்கு அப்லோடு முக்கியம், செம்பில் அது 1 எம்.பி.பி.எஸ். பக்கமே நிற்கும். அங்கே பார்க்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று, ஓ.என்.டி. பெட்டியில் (ஃபைபருக்கான மோடம்) காட்டும் ஆப்டிகல் ரிசீவ் பவர், அதாவது வந்து சேரும் ஒளியின் அளவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 25 டி.பி.எம். வரை நல்லது. மைனஸ் 27-ஐத் தாண்டினால் கனெக்டரில் அழுக்கு அல்லது ஃபைபர் எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது. மாட்டித் தரும் நாளிலேயே அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைத்துவிடுங்கள்.